எடுத்துவைத்த பங்கு

மகனுக்கு,

மாத்திரையை மறுபடி ஒரு மாதம் நிறுத்திவைத்து, சிறுநீரைச் சேர்த்து அனுப்ப முடியுமா என்று மூன்று கடிதங்களில் கேட்டுவிட்டாய். பதில் இதில் இருக்கிறது. ஆனால் நேராகப் பதிலுக்குப் போக எனக்கு வராது. காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவன். செய்முறையை எழுதாமல் விடையை மட்டும் எழுதுகிற பையன்களுக்குப் பாதி மதிப்பெண்ணைக் குறைத்தவன். அதனால் என் விடைக்கும் செய்முறையை எழுதிவிடுகிறேன், பொறுமையாகப் படி. உட்கார்ந்தால் வலி முதுகில் ஏறுகிறது என்பதால் படுத்தபடி, பரீட்சை அட்டையை நெஞ்சில் சாய்த்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். முதுகெலும்பு அமுங்கிப்போனதில், எழுந்து நின்றாலும் இப்போது உன் அம்மாவின் உயரம்தான் இருக்கிறேன்.

இந்த நோயைக் கண்டுபிடித்தவன் நான்தான் என்று சொன்னால் பெருமை பேசியதாகிவிடும். கண்டுபிடித்த பிறகு, தப்பு என் சோதனையில்தான் இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தவனும் நான்தான். முதுகுவலி என்று போனபோது டாக்டர் சிறுநீரைச் சோதிக்கச் சொன்னார். சோதித்த இடத்தில் புரதம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அவ்வளவு நுரை வருகிறதே என்று எனக்குச் சந்தேகம். வீட்டில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, சோதனைக்குழாயில் கொஞ்சம் ஊற்றி மெல்லச் சூடாக்கினேன். கை பொறுக்காத சூடு வந்ததும் பால் கலந்ததுபோல் வெளுத்தது. கொதிக்கவிட்டேன், தெளிந்துவிட்டது. ஆறவைத்தேன், மறுபடி வெளுத்தது. முட்டையின் வெள்ளைக்கரு ஒருமுறை இறுகினால் இறுகியதுதான். கொதித்தால் கரைந்துபோகிற புரதத்தை நான் பார்த்ததே இல்லை. குழாய்தான் அழுக்கு என்று நினைத்துக் கழுவிக் கழுவிச் செய்தேன். டாக்டரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. புரதம்தானே உன் ஆராய்ச்சி என்று உனக்கு எழுதினேன், அதுவும் ஒரு வேடிக்கையைச் சொல்வதுபோல. நீ தந்தி அடித்தாய்: வருகிறேன், மருந்து எதையும் தொடங்க வேண்டாம். உன் அம்மா அந்தத் தந்தியைத் தெருவில் எல்லோரிடமும் காட்டினாள். நிலாவில் ஆள் இறங்கிய வருஷம் விமானம் ஏறிய பிள்ளை, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றதும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவருகிறான் என்று.

நீ வந்தாய். வந்த மறுநாள் மதராஸுக்குப் போய் வாயகன்ற கண்ணாடி பாட்டில்கள் வாங்கி வந்தாய். சாப்பிட்டு முடித்ததும் எங்கள் இருவரையும் உட்காரவைத்து விளக்கினாய். நம் உடம்பில் ஒருவகை வெள்ளணுக்கள் கிருமிகளைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைச் செய்கின்றன. ஒவ்வோர் அணுவும் தனக்கென்று ஒரே ஓர் அச்சில் செய்யும். உடம்புக்குள் லட்சக்கணக்கான அச்சுகள். எனக்குள் அதில் ஓர் அணு மட்டும் அடங்காமல் பெருகி, எலும்பைத் தின்று இடம் பிடித்துக்கொண்டு, தன் ஒரே அச்சின் துண்டுகளைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அதுதான் சிறுநீரில் வழிகிறது. மற்றவர்களின் ரத்தத்தில் எல்லா வகையும் கலந்து கிடப்பதால் எதையும் தனியே பிரிக்க முடியாது. என்னிடமிருந்தோ ஒரே வகை, சுத்தமாக, பாட்டில் பாட்டிலாக. “நீங்க எனக்கு ஒரு கிஃப்ட்பா” என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன்.

உன் கேள்வியையும் அன்றுதான் சொன்னாய். இத்தனை அச்சுகளும் தாய் தகப்பன் வழியாக முன்பே வந்து சேர்ந்தவையா, அல்லது வந்தவை கொஞ்சம்தான், உடம்புக்குள் அந்த அணுக்கள் பெருகும்போது எழுத்து எழுத்தாக மாறி இத்தனை ஆயினவா? அம்மாவுக்குப் புரியவில்லை என்று உதாரணம் சொன்னாய்.

“நம்ம ஏகாம்பரநாதர் கோயில் மாமரம் இருக்கு இல்லம்மா? நாலு கிளையில நாலு ருசின்றாங்களே. விதை ஒண்ணுதான். அப்ப மாறினது கிளையிலதானே?”

“நீ சின்ன வயசுல அதைப் பொறுக்கித் தின்னுட்டு, எல்லாம் ஒரே புளிப்புதான்னு குருக்கள் காதுல விழற மாதிரி கத்தினவன்தானே” என்றாள் அவள். “இப்ப மட்டும் ருசி மாறிடிச்சா?”

அந்த நாட்களின் மாலைகளை நான் மறக்க மாட்டேன். பெரிய காஞ்சிபுரத்தில், புடவைக்கு டிசைன் போடுகிறவர்கள் வாங்கும் கட்டம் போட்ட தாளை ஒரு கட்டு வாங்கி வந்தாய். உன்னிடம் வேறு நோயாளிகளின் புரதங்கள் சிலவற்றுக்கு அமினோ அமில வரிசை இருந்தது. ஒரு கட்டத்துக்கு ஓர் அமிலத்தின் எழுத்து, ஒரு நோயாளிக்கு ஒரு வரி. நான் வாசித்துக்கொண்டு வர, மேல் வரியிலிருந்து மாறுபடுகிற கட்டத்துக்கெல்லாம் நீ சிவப்பு வைத்தாய். சிவப்பு எங்கே பார்த்தாலும் தெறித்துக் கிடக்கும் என்று நான் நினைத்தேன். இல்லை. தாள் பெரும்பாலும் வெள்ளையாகவே நீண்டது. மூன்று இடங்களில் மட்டும் சிவப்பு வந்து கூடி நின்றது. “கிருமியைத் தொடற இடம் இந்த மூணும்தாம்பா. மாறறது அங்கதான். அங்க ஒரே ஒரு எழுத்து மாறினாலும் பிடிக்கறதைப் பிடிக்காம விட்டுடும்” என்றாய். பக்கத்து வீட்டுத் தறி நிற்கும்வரை நாம் அந்தத் தாளை விட்டு எழுந்திருக்கவில்லை. நீ என்னோடு சேர்ந்து ஒரு வேலை செய்தது உன் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. நான் அவ்வளவு சந்தோஷமாக எப்போதும் இருந்ததில்லை. இதை எழுதவே தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த மாலைகளில் எல்லாம் டாக்டர் கொடுத்த மாத்திரை பீரோவுக்குள் பிரிக்காமல் கிடந்தது.

நீ நோயை விளக்கியதும் மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் அன்றே சொன்னார், “தள்ளிப் போடாதீங்க சார்” என்று. நீ “கொஞ்ச நாள்தான் டாக்டர், மாத்திரை போட்டா புரதம் கொறைஞ்சிடும்” என்றாய். நான் உங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தேன். எதிரெதிராக இரண்டு பேர் பேசும்போது நான் செய்வது அதுதான். உன் அம்மாதான் பாட்டில்கள் கூடத்தில் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தாள். “ஊர்ல புள்ள ஃபாரின்லேர்ந்து வந்தா முறுக்கு சுட்டு, இட்லிப்பொடி இடிச்சி கட்டிக் குடுப்பாங்க. எம் புள்ள இன்னாத்த கட்டிக்கினு போறான் பாரு. இதுக்கு நான் இன்னா உப்பு காரம் போடறது?” நீ பாட்டிலில் தேதி எழுதி ஒட்டினாய்.

பிறகு அந்தக் காலை. குளியலறையில் பாட்டிலை மூடிக் கீழே வைக்கக் குனிந்தேன். முதுகுக்குள் காய்ந்த சுள்ளி முறிவதுபோல் ஒரு சத்தம். தறிச் சத்தத்தில் வெளியே யாருக்கும் கேட்டிருக்காது, எனக்குக் கேட்டது. விழுந்தேன். பாட்டில் உருண்டது. நான் போட்ட கூச்சலுக்கு முதலில் ஓடிவந்தவன் நீ, உன் முதுகுக்குப் பின்னால் அம்மா. நீ குனிந்து பாட்டிலை எடுத்தாய். சன்னல் வெளிச்சத்தில் பிடித்து விரிசல் இருக்கிறதா என்று பார்த்தாய். சன்னல் விளிம்பில் வைத்தாய். அதற்குப் பிறகு என்னைத் தூக்கினாய். மெதுவாகத்தான் தூக்கினாய், கட்டிலில் படுக்கவைத்து என் பாதத்தைத் தேய்த்தும் விட்டாய். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நீ விமானம் ஏறிய நாளிலிருந்து எனக்கும் உன் அம்மாவுக்கும் இது ஒன்றுதான் வழக்கு.

“பாட்டிலத்தான் மொதல்ல தூக்கினான்.”

“ஒடைஞ்சா கண்ணாடி என்னைக் குத்திடும்னு எடுத்தான்.”

“குத்திடும்னு எடுத்தவன் வெளிச்சத்துல புடிச்சி இன்னாத்த பாத்தான்? அதுக்குள்ள உங்க மூஞ்சா தெரிஞ்சிது?”

நடந்தது ஒன்று, விளக்கம் இரண்டு. நடந்ததை மட்டும் வைத்துக்கொண்டு எது சரி என்று சொல்ல முடியாது. இன்னொரு சோதனை வேண்டும். அது தானாக வந்து சேரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாத்திரை தொடங்கி, இடுப்புக்கு மேலே பெல்ட் கட்டிக்கொண்டு, வாசல்வரை நடக்கிற அளவுக்கு நான் தேறியபோது உன் முதல் கடிதம் வந்தது. என் புரதத்தின் வரிசையைப் பெரும்பாலும் படித்துவிட்டாய். என் பெயரின் எழுத்துகளையே அதற்குப் பெயராக வைத்திருக்கிறாய். ஆனால் மூன்றாவது சிவப்பு இடத்துத் துண்டு மட்டும் பிரிக்கும்போது வீணாகிவிட்டது. அங்கேதான் உன் வாதத்துக்கு உயிர் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் புரதம் வேண்டும், மாத்திரையை நிறுத்தினால் பழையபடி வரும், மதராஸில் உன் சிநேகிதன் வந்து எடுத்துப் போவான் என்று எழுதியிருந்தாய்.

இங்கே உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்த மாதிரியையும் முழுதாகச் சோதனைக்குக் கொடுத்துவிடக் கூடாது, ஒரு பங்கை ஓரமாக எடுத்துவைத்துவிட்டுத்தான் மீதியைத் தொட வேண்டும் என்று பையன்களுக்குச் சொல்லியே பழகியவன் நான். நீ இங்கே இருந்த நாட்களில், பாட்டிலை உன்னிடம் கொடுக்கும் முன் தினமும் கொஞ்சம் தனியே ஊற்றி, அம்மோனியம் சல்பேட் உப்பைக் கரைத்து, வெள்ளையாகத் திரண்டதை வடிகட்டி, உன் அம்மாவின் ஊறுகாய் ஜாடி ஒன்றில் சேர்த்து வந்தேன். அவ்வளவு உப்பில் அது கெடாமல் கிடக்கும். உன்னிடம் சொல்லவில்லை. உன் கருவிகளுக்கு முன்னால் இது பள்ளிக்கூடத்துப் பையன் வேலை என்று நீ சிரித்துவிடுவாய் என்று கூச்சம். சமையலறைப் பரணில் அந்த ஜாடி இருந்தது. மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று நீ ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். எதையாவது நிறுத்தச் சொல்லும் முன், மிச்சம் இருக்கிறதா என்று கேட்கப் பழகிக்கொள். இது உன் தொழிலுக்காகவே சொல்கிறேன்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். படித்துவிட்டு மேசைமேல் வைத்தார். “பையன் படிச்சவன்தான் சார். ஆனா எலும்பு அவனோடது இல்லையே. இந்தத் தடவை கழுத்துல முறிஞ்சா உங்களை யாராலயும் எழுப்ப முடியாது” என்றார். வீட்டுக்கு வந்து, அவர் சொன்னதை அப்படியே உனக்கு எழுதினேன். நான் என்ன செய்யட்டும் என்றும் கேட்டேன். ஜாடியைப் பற்றி எழுதவில்லை. விடை வருவதற்கு முன்பே, எந்த விடைக்கு என்ன செய்வது என்று தீர்மானித்துவிட வேண்டும். வந்த பிறகு தீர்மானித்தால் நமக்குப் பிடித்த பக்கம் சாய்ந்துவிடுவோம். பதிலில் என் முதுகைப் பற்றி ஒரு வரி இருந்தால் அன்றே ஜாடியை உன் சிநேகிதனிடம் சேர்ப்பித்துவிடுவது, இல்லாவிட்டால் கொட்டிவிடுவது. பிறகு நான் மாறிவிடாமல் இருக்க, இதை உன் அம்மாவிடமும் சொல்லிவைத்தேன்.

“ஒரு வரி கூடவா இல்லாம இருக்கும்?” என்றாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “நான் ஏதோ ஆத்திரத்துல பாட்டிலு பாட்டிலுன்னு சொல்லிக்கினு இருந்தேன். அதுக்குன்னு பெத்த புள்ளைக்குப் பரீட்ச வெப்பீங்களா?”

ஒரு வரி போதும் என்றுதான் வைத்தேன். அதைவிட எளிதாக ஒரு பரீட்சை வைக்க எனக்குத் தெரியாது.

உன் பதில் வந்தது. இப்போது ஒரு நாளைக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்டிருந்தாய். பாட்டிலில் கெடாமல் இருக்க ஊற்றும் டொலுவீன் எந்த உயரத்துக்கு நிற்க வேண்டும் என்று படம் போட்டிருந்தாய், நிழல்கூடத் தீட்டி அழகாக. முதுகு இல்லை. உன் அம்மா என் கையிலிருந்து தாளை வாங்கி அடிவரை தேடிப் பார்த்தாள். “கீழ அன்புடன்னு போட்டிருக்கான் பாருங்க. அது ஒரு வரி இல்லியா?” என்றாள். அது எல்லாக் கடிதத்திலும் மாறாமல் வருவது, கணக்கில் சேராது என்றேன்.

ஒரே ஓர் அளவை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்று சொன்னவனும் நான்தானே. மறுபடி எழுதினேன், இன்னும் பச்சையாக. எழுந்து நடக்கவே முடியாமல் போகலாம், அப்படி ஆனால் என்னைக் குளிப்பாட்ட உன் அம்மாவுக்குத் தெம்பு இல்லை என்று. இரண்டாவது பதிலில், இந்த வேலை முடிந்தால்தான் அங்கே உனக்கு இடம் நிலைக்கும் என்றும், வேறொரு ஆய்வுக்கூடம் முந்திக்கொண்டு வருகிறது என்றும் எழுதியிருந்தாய். ஆபத்து ஏற்கத்தக்க அளவில்தான் இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். ஏற்கப்போவது யார் என்று எழுதவில்லை. எனக்கு இதெல்லாம் புரியும் என்று முடித்திருந்தாய். புரிந்தது. இரண்டு அளவும் ஒத்துப்போயின.

அன்று உன் அம்மா என்னை விடவில்லை. “அவன் வேற யாருக்குப் பொறந்தான்? எட்டு வயசுல டைபாய்டு ஜுரத்துல கெடந்தானே, மாத்திரைய வாங்கி மேசமேல வெச்சிக்கினு, தாள்ல போடற ஜுரக் கோடு முழுசாவட்டும், ஜுரம் ஏறி எறங்கறது சரியாத் தெரியட்டும்னு ஒரு பகல் முச்சூடும் குடுக்காம உக்காந்திருந்தது யாரு? கெஞ்சிச்சே அது. நான் உங்க கால்ல விழாத கொறதான்.”

அவள் சொன்னது உண்மை. நான் மறுக்கவில்லை. நீ கேட்டாய், நான் “இன்னும் ஒரு ரீடிங்டா கண்ணு” என்றேன். அன்றிலிருந்து படுக்கையில் கிடந்தபடி உன்னையும் என்னையும் அந்தக் கட்டம் போட்ட தாளில் போல மேலும் கீழுமாக எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாத்திரை, மேசைமேல் பிரிக்காமல். கேட்கிறவன், படுக்கையில். காத்திருக்கச் சொல்கிறவன், தாளும் பென்சிலுமாக. கட்டத்துக்குக் கட்டம் பொருந்துகிறது. சிவப்பு வைக்க ஓர் இடம்தான் அகப்பட்டது. தெர்மாமீட்டரை எடுத்த பிறகு, ஒவ்வொரு முறையும், உன் நெற்றியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். அளவு கையில் இருக்கும்போது அது தேவையில்லாத காரியம். கோட்டுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அந்த ஓர் எழுத்து என்னிடமிருந்து உன்னிடம் வரவே இல்லையா, வந்து அங்கே போன பிறகு மாறியதா, இரண்டே மாதிரிகளை வைத்து என்னால் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்கிற தொழில் உன்னுடையது. அல்லது நான் தொட்டேன் என்பதே எனக்கு நானே சொல்லிக்கொள்கிற ஆறுதலோ என்னவோ. உன் அம்மாவுக்கு அது நினைவில்லை.

இன்று காலை மாத்திரையை விழுங்கிவிட்டு, அவளை ஏணி வைத்து ஜாடியை இறக்கித் தரச் சொன்னேன். இறக்கி வந்தாள், ஆனால் என் கையில் தரவில்லை. இடுப்பில் குழந்தையை வைத்ததுபோல் வைத்துக்கொண்டு நின்றாள்.

“அனுப்பிடுங்க. போனது போச்சி. அதுக்கு வேலையாவது நெலைக்கட்டும்.”

“முன்னாடியே முடிவு பண்ணியாச்சு.”

“யாரு கேட்டா உங்க முடிவ? ஒரு வார்த்த எழுதத் தெரியாத புள்ள அது. எழுதத் தெரியலன்னா மனசுல இல்லன்னு அர்த்தமா?”

இருக்கலாம். இதை எழுதும்போதும் அவள் சொன்னது சரியாக இருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. வாழ்நாள் முழுக்க, எதிராளி சொல்வது சரியாக இருக்கலாம் என்று தோன்றித்தான் எதையும் செய்யாமல் இருந்திருக்கிறேன். பஸ்ஸில் மிச்சச் சில்லறை கேட்டதில்லை. தலைமையாசிரியரிடம் ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை. உன்னிடமும் சொன்னதில்லை. ஜாடியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு, நான் விழுந்த அதே குளியலறைக்குப் போனேன். தரை வழுக்கும் என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பிடித்தபடியே திட்டினாள். “அவன் பாட்டிலத் தூக்கினான், நீ ஜாடியக் கவுக்கற. ரெண்டும் ஒண்ணுதான்யா. நடுவுல நான் ஒருத்தி.” இத்தனை வருஷத்தில் அவள் என்னை ‘நீ’ என்று சொன்னது இன்றுதான். நான் ஊற்றி முடிக்கும்வரை அவள் கையை விடவில்லை. பிறகு நான்கு குடம் தண்ணீர் அடித்துவிட்டு, ஜாடியைக் கழுவாமல் கொல்லையில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். அதில் இனி ஊறுகாய் போட மாட்டாள்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: மாத்திரையை நிறுத்தப்போவதில்லை. அனுப்புவதற்கு இங்கே எதுவும் இல்லை. உன் கட்டுரையில் என் பெயர் போட்ட வரியில், மூன்றாவது இடத்தில் எழுத்துக்குப் பதில் வெறும் கோடு போட்டுவிடு. ஏன் கோடு என்று யாராவது கேட்டால், துண்டு வீணாகிவிட்டது என்று சொல். பொய் ஆகாது.

ஒன்றை மட்டும் செய்முறையில் விட்டுவிட்டேன். கெட்டுப்போனதைக் கொட்டிவிட்டு நான் பெரிய காரியம் செய்ததாக நினைத்துக்கொள்ளக் கூடாது என்று, ஊற்றுவதற்கு முன் அதில் ஒரு துளியை எடுத்து நீரில் கரைத்துச் சோதித்தேன். சூடானதும் வெளுத்தது. கொதித்ததும் தெளிந்தது. ஆறியதும் மறுபடி வெளுத்தது. கொஞ்சமும் கெடவில்லை. நீ கேட்ட அளவுக்கு மேலேயே இருந்தது.

அன்புடன்,
அப்பா